ஈரப் பாவு

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் எங்கள் ஊரில் பணம் சேர்த்தவர்களைப் பற்றி இப்போது எல்லாரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். கெட்டிக்காரர் என்கிறார்கள், நேரம் தெரிந்தவர் என்கிறார்கள். நான் அருப்புக்கோட்டையில் ஒரு நெசவுத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். நூலைப் பதுக்கி வைத்துக்கொண்டு நூல் இல்லை என்று சொல்வதற்குப் பெரிய மூளை வேண்டியதில்லை. முகத்தில் தோல் கொஞ்சம் தடித்திருந்தால் போதும்.

எனக்கு நயமாக எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தெரு ஒடுங்கினது. ஒரு முனை கிணற்றோடு முடிந்துவிடும். மறுமுனைதான் பெரிய தெருவுக்குப் போகிற வழி. வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. கக்கூஸ் அள்ளுகிறவர்கள் வந்து போவதற்காக விட்டது. நாங்கள் அதில் கால் வைக்க மாட்டோம். கோழி தப்பி அந்தப் பக்கம் போனால் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்ப்போமே தவிர, போய்ப் பிடிக்க மாட்டோம். அதில் தினமும் நடந்தவர்களும் மனிதர்கள்தான் என்று அந்தக் காலத்தில் எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

தறியில் ஏற்றுவதற்கு முன்னால், துணியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, நீவி நீவிக் காய வைப்போம். இரண்டு முனையிலும் பாவு ஒடுங்கிக் கயிறாகி முளையில் கட்டியிருக்கும். நடுவில் வரிசையாகக் கவைக்கால்கள் நட்டு, அவற்றின் மேல் குறுக்குக் கோல்கள் போட்டிருப்போம். அந்தக் கோல்கள் மேல் பாவு இடுப்பு உயரத்தில் ஓடும். ஈரக் கஞ்சியோடு இருக்கிற பாவு பச்சைப்பிள்ளை மாதிரி. அந்த நேரத்தில் சுருட்டினால் இழையோடு இழை ஒட்டிக்கொண்டு அத்தனையும் குப்பை. ஒரு கோல் மட்டும் தாழ்ந்தாலும் பாரம் அந்த இடத்தில் இழுத்து இழை அறும்.

அதனால் பாவு விரித்திருக்கும்போது மாட்டு வண்டி சுற்றிப் போகும். சாமி சப்பரம்கூட முக்கில் நின்று காத்திருக்கும். செத்த வீட்டுக்கு மட்டும்தான் பாவு பணியும். தெருவில் பிணம் கிடந்தால் யாரும் பாவு விரிக்க மாட்டார்கள். ஏற்கெனவே விரித்திருந்தால் காய்ந்ததும் சுருட்டி எடுத்துவிட்டு, பிணம் தெருவைத் தாண்டுகிறவரைக்கும் அடுத்ததைத் தொட மாட்டார்கள். யாரும் எழுதி வைத்ததில்லை. மழை பெய்தால் நனைவோம் என்பது மாதிரி எல்லாருக்கும் தெரிந்தது.

தெருவுக்கெல்லாம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள் ஒரு பெண்பிள்ளை. கஞ்சிக்காரம்மா என்றுதான் கூப்பிடுவோம். திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம் அவளுக்கு. புருஷன் கொழும்புக்குப் போய் ஆள் இருக்கிற இடம் தெரியாமல் போனான். மழை பொய்த்த ஒரு வருஷம் இடுப்பில் பெண் குழந்தையோடு வந்து, கிணற்றை ஒட்டின சாய்ப்பில் தங்கினாள். எங்கள் சாதி இல்லை. வீட்டுக்குள் நாங்கள் பேசுகிற பாஷையும் அவளுக்கு இல்லை, எங்களோடு தமிழில்தான் பேசுவாள்.

இனாமாக ஒன்றும் வாங்க மாட்டாள். மிஞ்சின சோற்றை நீட்டினால், "எங்க உலையும் கொதிக்குது தாயி" என்பாள். உலை கொதிக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஒரு வீட்டில் விசேஷம், சம்பந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். கஞ்சிப் பானையைச் சந்துப் பக்கமாகக் கொண்டுவந்து வைக்கச் சொல்லி ஆள் விட்டார்கள். அவள் பானையை நடுத்தெருவில் இறக்கி வைத்தாள். "வேணுங்கிறவுக வந்து தூக்கிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த வீட்டு மாப்பிள்ளையே வந்துதான் தூக்கினார்.

முதலாளியைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆள்தான். என் வீட்டுக்காரருக்கு அத்தை புருஷன், நான் மாமா என்று கூப்பிடுவேன். முன்பு அவரும் எங்களைப் போலத் தறியில் உட்கார்ந்தவர்தான். நூலுக்குக் கட்டுப்பாடு வந்ததும் தெருவுக்கு வர வேண்டிய நூல் அவர் கை வழியாக வந்தது. வந்ததில் பாதி எங்களுக்கு வராமலே மதுரைக்குப் போனது. மீதியை எங்களுக்குக் கொடுத்து நெய்து வாங்கி, அந்தத் துணியும் ஊரில் யார் கண்ணிலும் படாமல் லாரி ஏறியது. துணி நெய்கிற ஊரில் கட்டுகிறதுக்குத் துணி கிடையாது. எங்கள் தெருப் பெண்கள் ஒரு சேலையைத் துவைத்துப் போட்டுவிட்டு அது காயும்வரை வீட்டுக்குள் அடைந்து கிடந்திருக்கிறோம். தறியில் கிடக்கிற துணியில் ஒரு முழம் கிழிக்க எங்களுக்கு உரிமை இல்லை.

அவர் ஒருநாளும் கத்த மாட்டார். "நூல் வந்தாத் தாரேன்" என்பார், அவ்வளவுதான். தெரு முழுக்க வாயை மூடிக்கொள்ளும்.

அது தை மாதம், வெள்ளிக்கிழமை. முந்தின நாள் சாயங்காலம் வழக்கம்போலக் கஞ்சி காய்ச்சி வைத்த கஞ்சிக்காரம்மா, விடியும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மகள் வந்து என் கதவைத் தட்டினாள். அவளுக்கு அப்போது கல்யாண வயது. எங்கள் தெருவிலேயே வளர்ந்தவள், என்னை மதினி என்பாள். "ஆத்தா பேச மாட்டேங்கா மதினி" என்றாள். போய்த் தொட்டுப் பார்த்தேன். கை சில்லிட்டிருந்தது.

சாவு தெரியுமுன்னே விரித்திருந்த பாவு காய்ந்ததும் சுருட்டி எடுத்தார்கள். அதுவரைக்கும் சரியாகத்தான் நடந்தது. கஞ்சிக்காரம்மாவின் அண்ணனுக்கு ஆள் போயிருந்தது. மறுநாள் சனி. சனிப் பிணம் தனியாகப் போகாது, துணை தேடும் என்பார்கள். ஆகவே அண்ணன் வந்ததும் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்று பேச்சு.

மதியத்துக்கு மேல் அவர் வந்து சேர்ந்தார். வண்டி கிடைக்காமல் பாதித் தூரம் நடந்து, முழங்கால்வரை கரிசல் புழுதி. செத்தவளுக்குப் போர்த்துகிற புதுத் துணியை, பிறந்த வீட்டுக் கோடியை, அவர்தான் போட வேண்டும். கையில் ஒன்றும் இல்லை. தங்கச்சி முகத்தைப் பார்க்காமல் சாய்ப்புக்கு வெளியிலேயே நின்றார்.

"உள்ள வாங்க மாமா" என்றாள் மகள்.

"எதைக் கொண்டுக்கிட்டு வரச் சொல்லுதே? வார வழியெல்லாம் கேட்டுப் பாத்துட்டேன் தாயி. துணின்னு கேட்டாக் கடைக்காரன் சிரிக்கான். வேட்டி வாங்கக் கார்டு எங்கேங்கான். செத்தவளுக்கு ஏது கார்டு?"

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். துக்கம் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்து எல்லாரும் ஒதுங்கி வழி விட்டோம். அவர் பிணத்தைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு எங்கள் பாஷையில் பேசினார். தனியாக என்றால் நான்கு அடி தள்ளி.

"மதுரை லோடு நிக்குதுப்பா. இன்னைக்கு இன்னொரு பாவு போட்டே ஆகணும். இவுகளைப் பின்சந்து வழியா எடுத்துட்டுப் போகச் சொல்லு. கோடித் துணி நான் தாரேன், செலவும் என்னோடது. அந்தப் பிள்ளைக்கு நாம பேசுறது புரியாது. மாமன்காரன்கிட்ட நயமாச் சொல்லு. பட்டிக்காட்டு ஆளு, துணியைக் கண்டாச் சரின்னுருவான்."

பதில் சாய்ப்புக்குள்ளிருந்து வந்தது, எங்கள் பாஷையில், எங்கள் வீட்டுப் பெண்கள் பேசுகிற அதே இழுப்போடு.

"நல்லாப் புரியுது மொதலாளி. இந்தத் தெருவுக்குத்தான் எங்க ஆத்தா கஞ்சி காய்ச்சுனா. இந்தத் தெருவழியாத்தான் போவா."

இத்தனை வருஷமாக அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு நாங்கள் என்னவெல்லாம் பேசியிருப்போம் என்று அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். முதலாளி அதற்கெல்லாம் நிற்கவில்லை. உடனே தமிழுக்கு மாறி, அண்ணன்காரரிடமே நேராகப் பேசினார். வெள்ளைத் துணி, மடிப்புக் கலையாதது, இப்போதே கொண்டுவரச் சொல்கிறேன் என்றார். "ஒங்களுக்கும் ஒரு வேட்டி எடுத்துக்கிடுங்க" என்றார்.

அண்ணன்காரர் மருமகளைப் பார்த்தார். "தாயி, கோடி இல்லாம எப்படித் தூக்குறது? பெறந்த வீட்டு மானம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"சந்து வழியாப் போனா எந்த வீட்டு மானம் மாமா மிஞ்சும்? உசுரோட இருந்தப்பவே அவ சும்மா கெடைக்கிறத வாங்கல. பேச முடியாமக் கெடக்கான்னு நீங்க வாங்காதீக."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். முதலாளி, "யோசிச்சுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டில் ஒரு துணி இருந்தது. பாவு முடிகிறபோது தறியில் மிஞ்சுகிற முனை நூல் நெய்கிறவருக்குச் சொந்தம். அதில் முதலாளிக்குப் பாத்தியதை இல்லை. சாணும் முழமுமாக மிஞ்சியதையெல்லாம் முடிச்சுப் போட்டுச் சேர்த்து, என் வீட்டுக்காரருக்குப் போர்வைக்கென்று நெய்து வைத்திருந்தேன். நாலு நிறம். தொட்டால் முடிச்சு முடிச்சாக இருக்கும். தண்ணீர் படாத புதுத் துணி. அதைக் கொண்டுபோய் அண்ணன்காரரிடம் கொடுத்தேன்.

"இது இனாமில்லை. ஒங்க தங்கச்சி காய்ச்சுன கஞ்சியில ஓடுன நூலு. நீங்களே போடுங்க" என்றேன்.

அவர் வாங்கி முகத்தில் ஒற்றிக்கொண்டார். பிறகுதான் உள்ளே போனார்.

நாங்கள் கிணற்றடியில் தண்ணீர் எடுத்துக் குளிப்பாட்டி, பாடை கட்டி, கோடி போட்டு, ஒப்பாரி முடித்துத் தெருவுக்குத் திரும்பினால், தெருவை அடைத்துக்கொண்டு பாவு நிற்கிறது. கஞ்சி சொட்டச் சொட்ட. நாங்கள் முதுகு காட்டி நின்ற நேரத்தில் பாளையம்பட்டியிலிருந்து கூலி ஆட்களை வரவழைத்து விரித்துத் தோய்த்துவிட்டார். அவள் முந்தின நாள் காய்ச்சி வைத்த கஞ்சியையே எடுத்திருந்தார்கள். பாவுக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆள் நடக்கலாம். பாடை போகாது.

முதலாளி பெரிய தெருப் பக்கத்து முனையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"ஈரப் பாவு. தொட்டாப் போச்சு" என்றார். "காயுறதுக்கு இருட்டிரும். இருட்டின பெறகு எடுக்க முடியாது, நாளைக்குச் சனி. பேசாமச் சந்து வழியாப் போங்க."

"பிணம் கெடக்குன்னு தெரிஞ்சுதானே மாமா விரிச்சீக?" என்றேன்.

"நம்ம பிணம் இல்லையேம்மா."

"கஞ்சி மட்டும் நம்ம கஞ்சியா?"

அவர் என்னை விட்டுவிட்டு எல்லாரையும் பார்த்துச் சொன்னார், எப்போதும் போலக் குரலை உயர்த்தாமல். "பாவைத் தொட்ட வீட்டுக்கு நாளையிலருந்து நூல் இல்லை. அப்புறம் மாமான்னு வந்து நிக்கக் கூடாது."

பாடை தூக்கினவர்கள் அப்படியே நின்றார்கள். அண்ணன்காரர் கொள்ளிச் சட்டியை ஏந்திக்கொண்டு முன்னால் நின்றார். மகள் யாரையும் கெஞ்சவில்லை. பாடையின் மூங்கிலில் கையை வைத்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அந்தப் பார்வையை விடக் கெஞ்சியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வழி ஒன்றுதான். கவைக்காலில் கிடக்கிற கோல்களை எல்லாம் ஒரே சமயத்தில் தலைக்கு மேலே தூக்க வேண்டும். கோலுக்கு இரண்டு பேர், சுவரோரமாக ஆளுக்கொரு முனை. பாவு கூரை மாதிரி மேலே நிற்கும், அடியில் பாடை போகும். ஆனால் ஒரு கோலைக்கூட விட முடியாது. பாதித் தெரு தூக்கிப் பாதித் தெரு வேடிக்கை பார்த்தால் பாவு அறுந்து விழும். தெருவே சேர்ந்தால்தான் முடியும்.

நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் முதல் கோலின் முனையைப் பிடித்தேன். எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் நிறைய, நூல் நின்றால் முதலில் வாடுகிற வீடு அது. என்னைப் பார்த்தாள். பிறகு முதலாளியைப் பார்த்துச் சொன்னாள்:

"மாமா, நீங்க போறப்ப எந்தச் சந்துன்னு இப்பவே சொல்லிருங்க. கூட்டிப் பெருக்கி வைக்கோம்."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள், பிணத்தை வைத்துக்கொண்டு. அவள் வந்து கோலின் மறுமுனையைப் பிடித்தாள். அந்தச் சிரிப்பில்தான் தெரு இளகியது என்று நினைக்கிறேன். அடுத்த கோலுக்கு ஒரு கிழவரும் அவர் மருமகளும் வந்தார்கள். அதற்கடுத்ததற்கு அண்ணன் தம்பி இரண்டு பேர். அவர்கள் பாகப்பிரிவினைச் சண்டையில் பேச்சை நிறுத்தி வெகுகாலம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள், அவர்கள் கோலை வேறு ஆட்கள் பிடித்தார்கள்.

கடைசிக் கோல் மிச்சம். முதலாளி நின்ற இடத்துக்குப் பக்கத்தில். அதைப் பிடிக்க ஆள் இல்லை.

என் வீட்டுக்காரர் தெருவோரமாக நின்றுகொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். இந்த நாட்டில் நடந்த அநியாயம் எல்லாம் கெட்டவர்களால் மட்டுமா நடந்தது?

"ஏங்க, அந்தக் கோலு ஒங்களைத்தான் பாக்குது" என்றேன்.

அவர் அத்தை புருஷனைத் தாண்டிப் போய், கடைசிக் கோலின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனைக்கு ஆள் வரவில்லை. அதற்குள் இந்தப் பக்கமிருந்து நாங்கள் தூக்க ஆரம்பித்துவிட்டோம். முனைக் கயிறுகளை இளக்கிவிட்டார்கள். கோல்கள் வரிசையாக மேலே ஏற ஏற, ஈரப் பாவின் பாரம் முழுக்கத் தாழ்ந்து கிடந்த அந்தக் கடைசி இடத்துக்குச் சரிந்தது. இழைகள் டிக், டிக் என்று அறுகிற சத்தம் கேட்டது.

முதலாளி முதல் தடவையாகக் கத்தினார். "ஏலே, தூக்குங்கலே அந்த முனையை" என்று கூலி ஆட்களைப் பார்த்து.

அவர்களில் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "தொட்டா நூல் இல்லைன்னீகளே மொதலாளி."

இன்னும் நாலு இழை அறுந்தது. மனுஷன் துண்டைக் கீழே போட்டார். ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினார்.

நூலுக்காகத்தான் தூக்கினார், அவளுக்காக இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தால் என்ன? கோல் உயர்ந்தது.

தோளில் தூக்க உயரம் போதவில்லை. பாடையை இடுப்பளவில் ஏந்திக்கொண்டு, குனிந்து குனிந்து போனார்கள். முடிச்சுத் துணியின் மேல் கஞ்சி சொட்டிக்கொண்டே வந்தது. அண்ணன்காரர் ஒருமுறை கையால் துடைக்கப் போனார். "இருக்கட்டும் மாமா" என்றாள் மகள். கடைசிக் கோலுக்கு அடியில், என் வீட்டுக்காரரும் முதலாளியும் இரண்டு பக்கமும் கையை உயர்த்தி நிற்க, கஞ்சிக்காரம்மா தெருவைத் தாண்டிப் போனாள். மரியாதைக்கு நிறுத்தி வைத்த ஆள் மாதிரி நின்றார் முதலாளி. மூச்சு வாங்கியது அவருக்கு.

பாடை போனதும் கோல்களைப் பழையபடி கவைக்காலில் இறக்கி வைத்தோம். அறுந்த இழைகளை முடிந்தும் கொடுத்தோம். வேலையைக் கெடுப்பது எங்கள் நோக்கம் இல்லை.

மறுநாள் சொன்னபடியே நூலை நிறுத்தினார். கோல் பிடித்த எந்த வீட்டுக்கும் நூல் இல்லை. கதவு சாத்தின இரண்டு வீட்டில் மட்டும் தறி ஓடியது. ஆனால் அந்த இரண்டு தறிக்கும் கஞ்சிக்கு ஆள் வேண்டுமே. மகளிடம் ஆள் அனுப்பினார், இரட்டிப்புக் கூலி என்று. "அவரு வீட்டு அம்மாவைக் காய்ச்சச் சொல்லுங்க, நல்லா வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவள் வேறு தெருவுக்குக் காய்ச்சப் போனாள். முன்வாசல் வழியாகத்தான்.

எங்கள் வீட்டில் முதலில் பித்தளை அண்டா போனது. பிறகு என் தோடு. மாசி பிறந்ததும் பந்தல்குடிப் பக்கம் கரிசல் காட்டில் பருத்தி எடுக்கப் போனோம், நானும் அவரும் எதிர்வீட்டு அக்காவும். தறிக்குழியில் நிழலில் உட்கார்ந்தே வளர்ந்த உடம்பு. வெயில் தோலை உரித்தது. பருத்தி ஓடு விரலைக் கீறி, சோற்றில் கை வைத்தால் எரியும். பேசாமல் மன்னிப்புக் கேட்டுவிடலாமே என்று மாமியார் ராத்திரியெல்லாம் புலம்பினாள். நான் கேட்பதாக இல்லை. செய்ததற்குத்தான் மன்னிப்பு, செய்ய வேண்டியதற்கு எதற்கு?

பருத்தி பாதி எடுத்து முடித்திருந்தோம். முதலாளியின் ஆள் ஒருவர் சைக்கிளில் காட்டுக்கே வந்தார். தறி நின்று போனதில் முதலாளிக்கும் இடி விழுந்திருந்தது, மதுரைக்காரர்கள் வேறு ஆள் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். வந்தவர் வரப்பில் நின்றுகொண்டு சொன்னார்:

"நூல் கட்டு எறங்கிருக்கு. அண்ணாச்சி, நீங்க பெரிசா ஒண்ணும் செய்ய வேணாம். தெருக்கூட்டத்துல எந்திரிச்சு, பாவைத் தொட்டது தப்புன்னு ஒரு வார்த்தை. அன்னைக்கு சாயங்காலமே நூல் வீட்டுக்கு வந்துரும்."

நான் வாயைத் திறக்கப் போனேன். என் வீட்டுக்காரர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். மடியில் இருந்த பருத்தியை ஒரு அமுக்கு அமுக்கிக்கொண்டார். அவர் அப்படிப் பேசி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

"சொல்லிருவோம். அந்தக் கோலுக்கு ரெண்டு முனை. ஒண்ணைத்தான் நான் பிடிச்சேன். இன்னொண்ணைப் பிடிச்சவரை மொதல்ல எந்திரிச்சுச் சொல்லச் சொல்லுங்க. அவரு பெரியவரு. அவருக்குப் பெறகு நான் சொல்லுதேன்."

வந்தவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டார். எதிர்வீட்டு அக்கா செடிக்குள் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு காடு முழுக்கக் கேட்டது.

முதலாளி கூட்டத்தில் எழுந்திருக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. நாங்களும் சொல்லவில்லை. அன்றைக்கு எடுக்க வேண்டிய பருத்தி நிரை இன்னும் பாக்கி இருந்தது. குனிந்து எடுத்தோம்.